பானை ஓட்டை ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்: எந்தச் சோதனைக்குக் காசு கட்டலாம்?

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று கேரள எல்லையை ஒட்டிய, தமிழ் பேசும் ஊர்களில் குழி எடுக்கும்போது கருப்பு சிவப்பு ஓடு அகப்படுவது புதிய செய்தி இல்லை. கல்வட்டமும் நன்னங்காடியும் (ஈமத் தாழி) உள்ள பூமி இது. புதிதாக நடப்பது, அந்த ஓடுகளைச் சோதனைக்கு அனுப்புவதுதான். கல்லூரி வரலாற்றுத் துறைகள், உள்ளூர்த் தொல்லியல் குழுக்கள், முனைவர் பட்ட மாணவர்கள் எல்லாரும் கருவி மையங்களின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, பணம் கட்டி, ஒரு பிடிஎஃப் வாங்கி வருகிறார்கள். அந்தப் பிடிஎஃபில் பாதி எதற்கும் உதவாமல் போகிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. எதைக் கேட்க வேண்டுமோ அதை விண்ணப்பத்தில் கேட்காததுதான் காரணம்.

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம், கொச்சி குசாட் பல்கலைக்கழக வளாகத்தின் எஸ்டிஐசி கருவி மையம், சென்னை ஐஐடியின் சைஃப் கருவி மையம், இவை தவிரப் பல பல்கலைக்கழகத் துறைகள், தனியார் ஆய்வகங்கள் என்று இந்தப் பகுதிக்கு எட்டும் இடங்கள் உண்டு. எந்தக் கருவி எங்கே இருக்கிறது, வெளியாருக்கு இப்போது திறந்திருக்கிறதா என்பதை அந்தந்த மையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மதிப்பீடு சோதனை வகைகளைப் பற்றியது. இதில் வரும் குறைகள் மேலே சொன்ன எந்த மையத்தையும் குறிப்பவை அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தச் சோதனைகள் எதுவும் ஓட்டின் காலத்தைச் சொல்லாது. காலம் வேண்டுமென்றால் வெப்ப ஒளிர்வு முறைக்கோ, ஓடு கிடைத்த அடுக்கின் கரித்துண்டை வைத்துக் கார்பன் 14 முறைக்கோ போக வேண்டும். தாது, வேதியியல் சோதனைகள் சொல்வது வேறு: என்ன மண், அதில் என்ன கலந்தார்கள், எப்படி வனைந்தார்கள், சுமார் எவ்வளவு சூட்டில் சுட்டார்கள், பானை இந்த வட்டாரத்ததா வெளியிலிருந்து வந்ததா.

கடைசிக் கேள்வியில்தான் பாலக்காட்டுக் கணவாய்க்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணவாயின் தரை பெரும்பாலும் ஹார்ன்ப்ளெண்ட், பயோடைட் என்ற கருநிறத் தாதுக்கள் கலந்த, நைஸ் என்னும் வரிப்பாறை. வடக்கே நீலகிரி, தெற்கே நெல்லியாம்பதி மலைகளில் சார்னோகைட் என்ற கருநிறப் பாறை. வாளையாறு, மதுக்கரைப் பக்கம் மட்டும் படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள். மாநில எல்லை இந்தப் பாறையைப் பிரிக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் ஆழியாற்றின் தண்ணீர்தான் சித்தூர்ப்புழையாகக் கேரளத்துக்குள் போய்ப் பாரதப்புழையில் கலக்கிறது; வண்டலும் அதோடுதான் போகிறது. ஆகவே சித்தூர்ப் பானையையும் பொள்ளாச்சிப் பானையையும் தாதுப் பட்டியலை வைத்துப் பிரித்துத் தருவதாக யாராவது உறுதி சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் கடற்கரையிலிருந்து கணவாய் வழியாக வந்த அயல் பாண்டம் என்றால் கதை வேறு. கேரளக் கடற்கரைப் பட்டணம் அகழாய்வில் கிடைத்த, இத்தாலியின் கம்பானியா வட்டார ஆம்போராக்களில் (இரு கைப்பிடி மதுச் சாடிகள்) கருமணல் போல ஆகைட் தாதும் எரிமலைக் கண்ணாடியும் இருக்கும். கேரளத்திலோ கொங்கிலோ அப்படி ஒரு மணல் கிடையாது. நொய்யல் கரைக் கொடுமணல் வரை நீண்ட அந்த வழியில் சந்தேகத்துக்குரிய ஓடு ஒன்று கிடைத்தால், நுண்ணோக்கியில் பார்த்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிடும்.

அனுப்பும் முன், செலவில்லாமல்

குறடால் ஓரத்தில் ஒரு சிறு சில்லு உடைத்து, புதிய முறிவைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இரு பக்கமும் சிவந்து நடுவில் கருத்திருந்தால், மண்ணில் இருந்த கரிமப்பொருள் முழுதும் எரியும் முன்பே சூளை அணைந்திருக்கிறது. உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்றால் வழக்கமான கருப்பு சிவப்புப் பாண்டம். மணல் பருமனா நைசா, மைக்கா மின்னுகிறதா, நெல் உமி எரிந்த நீள்குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்து ஓடுகளைக் குழுவாகப் பிரியுங்கள். வேண்டாத சில்லு ஒன்றில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், நுரைத்தால் கால்சைட் உண்டு என்று அர்த்தம். சோதனைக்குப் போகும் துண்டில் அமிலம் படவே கூடாது. சுண்ணாம்புப் படிவைப் போக்க நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பழைய சேகரிப்பு ஓடுகளில் கால்சைட் கணக்கு செல்லாது. அப்படிக் கழுவியது தெரிந்தால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

பானைக்குள் எண்ணெய், கொழுப்பு, பிசின் எச்சம் தேடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அந்த ஓடுகளை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிட வேண்டும். கழுவக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது, பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது. பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட் வேதிப்பொருள் அளவீட்டில் ஏறிவிடும். அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். கருப்புப் பளபளப்புள்ள பரப்பைத் தேய்ப்பதும் தவறு. கீழடி ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டது அந்த மெல்லிய மேற்பரப்பை ஆராய்ந்துதான். பிரஷ் போட்டுத் தேய்த்த ஓட்டில் அப்படி எதையும் தேட முடியாது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். ஓடு உங்கள் தோட்டத்திலேயே கிடைத்திருந்தாலும் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, இடத்தைப் பதிவு செய்த பிறகு சோதனைக்குப் போவது நல்லது. அகழாய்வுப் பொருளென்றால், வெட்டிப் பொடிக்கும் எந்தச் சோதனைக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு நினைத்தபடி கூரியரில் அனுப்பிவிட முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

தின் செக்‌ஷன்: இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்

எல்லாச் சோதனையிலும் கட்டணத்துக்கு மேல் பலன் தருவது இதுதான். ஓட்டிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. துண்டு வெட்டி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, போலரைசிங் நுண்ணோக்கியில் பார்க்கும் முறை. நிலவியல் துறை இருக்கும் ஏறத்தாழ எல்லாக் கல்லூரியிலும் இதற்கான அறை இருக்கும். ஆனால் அங்கே பழக்கம் பாறையைத் தேய்த்து. பானை ஓட்டுக்கு வேறு பக்குவம் வேண்டும். கெட்டுப்போவது இங்கேதான்.

ஓடு நுண்துளைகள் நிறைந்தது, உதிரக்கூடியது. வெட்டுவதற்கு முன்போ, வெட்டிய துண்டு ஒரு பக்கம் தேய்க்கப்படும் முன்போ, நீர்த்த பதத்தில் உள்ள எபாக்ஸி ரெசினை வெற்றிட அறையில் வைத்து உள்ளே ஊறவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராகச் சக்கரத்தில் வைத்தால் குவார்ட்ஸ் மணிகள் பெயர்ந்து வந்துவிடும். அவை விட்டுப்போன குழிகளை, பின்னால் ஸ்லைடைப் படிப்பவர் உமி எரிந்த குழி என்று எண்ணிவிடலாம். ரெசினில் நீலச் சாயம் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். பானையிலேயே இருந்த குழி நீலமாக நிறைந்திருக்கும். தேய்க்கும்போது பெயர்ந்த குழியில் நீலம் இருக்காது, பல சமயம் தேய்ப்புப் பொடியின் துகள்தான் அதில் மாட்டியிருக்கும். சாயத்துக்கு ஆகும் செலவு அற்பம். அது இல்லாமல் துளைகளின் விழுக்காட்டைக் கணக்கிட்டுத் தரும் அறிக்கையை நம்புவதற்கில்லை.

குறைந்த சூட்டில் சுட்ட ஓடு தண்ணீர் பட்டால் இளகும். அப்படிப்பட்டதைத் தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ விட்டுத் தேய்க்க வேண்டும். சிலிக்கன் கார்பைடு பொடி 240, 400, 600, 1000 என்று படிப்படியாக நைசாகப் போவார்கள். அவசரத்தில் 400இலிருந்து 1000க்குத் தாவினால் கீறல்கள் நிற்கும்.

கனம் சரியா என்று பார்க்கக் குவார்ட்ஸ்தான் அளவுகோல். குறுக்குப் போலரைசரில் குவார்ட்ஸ் மணி வெண்சாம்பல் நிறமாக இருந்தால் சரியான கனம். தெளிவான மஞ்சளாக இருந்தால் கூடுதல் கனம். செம்மை, நீலம் என்று போனால் ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இது அழகுக்காகச் சொல்வதில்லை. கனத்த ஸ்லைடில் களிமண் பின்னணி இருண்டு தெரியும். ஸ்லைடைத் திருப்பும்போது களிமண் மினுங்கி மங்கினால் சூடு குறைவு, மினுங்காவிட்டால் களிமண் உருகத் தொடங்கியிருக்கிறது, அதாவது 800, 850 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம் என்பது நடைமுறைக் குறிப்பு. ஸ்லைடு கனமாக இருந்தாலும் மினுக்கம் தெரியாது. தேய்த்தவரின் குறை பானையின் சூடாகக் கணக்கில் ஏறிவிடும்.

வெட்டும் திசையையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். வாயிலிருந்து அடி நோக்கிச் செங்குத்தாக, சுவரின் முழுக் கனமும் தெரியும்படி வெட்டினால்தான் குழிகளும் மைக்காத் தகடுகளும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று தெரியும். சக்கரத்தில் வனைந்ததா, திரி திரியாக அடுக்கியதா, பலகையும் கல்லும் வைத்துத் தட்டியதா என்பதற்குத் துப்பு அங்கேதான். திசை குறிக்காத உடல் ஓட்டை அனுப்பினால் இந்தத் தகவல் போய்விடும். ஓட்டில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போதும்.

கவர் ஸ்லிப் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடாத, மெருகேற்றிய ஸ்லைடு என்றால் அதே ஸ்லைடை நாளைக்கு எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி) கருவியிலும் வைக்கலாம்.

இப்போது முக்கியமான கேள்வி: ஸ்லைடை யார் படிப்பது? பல இடங்களில் கட்டணம் ஸ்லைடு செய்து கொடுப்பதற்கு மட்டும்தான். அறிக்கை தனி. ‘குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா, ஒளிபுகாத் தாதுக்கள் உள்ளன’ என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அது பாறை அறிக்கை. பானை அறிக்கை ஆகாது. மணிகளின் பருமன், கூர்முனையா உருண்டையா, பெருமணி சிறுமணி என இரண்டு தொகுதியாகப் பிரிகின்றனவா, மொத்தத்தில் எத்தனை விழுக்காடு, குழிகளின் வடிவம், பின்னணியின் நிறம், மினுக்கம், இவை எல்லாம் வேண்டும். நைசான களிமண்ணுக்கு நடுவே கூர்முனையுள்ள பெருமணிகள் தனித் தொகுதியாகத் தெரிந்தால் குயவர் மணலையோ இடித்த கல்லையோ வேண்டுமென்றே கலந்திருக்கிறார். சிறியதிலிருந்து பெரியது வரை தொடர்ச்சியாக இருந்தால் ஆற்றோர மண்ணிலேயே இருந்தது. பழைய ஓட்டை இடித்துக் கலந்திருந்தால், அந்தத் துணுக்கைச் சுற்றி மயிரிழை போல ஓர் இடைவெளி ஓடும். இயற்கையான களிமண் உருண்டையும் சில நேரம் அப்படித் தோன்றும். கூர்மையான விளிம்பும் உள்ளேயே வேறு மணல் மணிகளும் இருந்தால்தான் ஓட்டுத் துணுக்கு என்று எழுத வேண்டும்.

கணவாய் ஓடுகளில் ஒரு தாதுவைக் குறிப்பாகக் கவனிக்கச் சொல்லுங்கள்: ஹார்ன்ப்ளெண்ட். ஒற்றைப் போலரைசர் ஒளியில் இது பச்சையாக இருக்கும், ஸ்லைடைத் திருப்பினால் பச்சை மஞ்சளாக மாறும். காற்றோட்டமுள்ள சூளையில் சுமார் 800 டிகிரியை நெருங்கும்போது உள்ளிருக்கும் இரும்பு ஆக்சிஜனேறி, பச்சை போய்ச் செம்பழுப்பாகிவிடும். ஒரே ஓட்டில் வெளிப்பக்க மணிகள் செம்பழுப்பாகவும் உள்பக்கக் கருப்புப் பகுதியில் பச்சையாகவும் இருந்தால், இரு பக்கமும் பட்ட சூடும் காற்றும் எப்படி வேறுபட்டன என்பதை நேராகவே படிக்கலாம். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு நெருக்கமாக இதைக் காட்டாது. இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்ப்பச்சைக்கு மாறும் ஹைபர்ஸ்தீன் இருந்தால் மண் சார்னோகைட் மலையடிவாரத்தைத் தொட்டது. கார்னெட்டும் சில்லிமனைட்டும் சேர்ந்து வந்தால் கணவாய்க்குத் தெற்கேயுள்ள கொண்டலைட் பாறை நிலத்தையும் யோசிக்க வேண்டும். சித்தூரா பொள்ளாச்சியா என்று பிரிக்க முடியாவிட்டாலும், சமவெளியா மலையடிவாரமா என்று பிரிக்க முடியும். அதுவே பெரிய லாபம்.

எக்ஸ்ஆர்டி: விண்ணப்பத்தில் இரண்டு எண்ணைத் திருத்துங்கள்

பொடியில் என்னென்ன படிகத் தாதுக்கள் உள்ளன என்று காட்டும் சோதனை. ஒரு கிராம் பொடி இருந்தால் போதும். பெரும்பாலும் எல்லாரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள். வரைபடம் பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது ஒரு காரணமோ என்னவோ. தனியாக இதை மட்டும் வாங்கினால் பயன் குறைவு; தின் செக்‌ஷனோடு சேர்த்து வாங்கினால் நல்ல துணை.

பல மையங்கள் உலோக, நானோ சாம்பிள்களுக்கு ஏற்றபடி 10 டிகிரி கோணத்திலோ 20 டிகிரி கோணத்திலோ ஸ்கேனைத் தொடங்குகின்றன. செப்பு எக்ஸ்-கதிர்க் குழாயில், இல்லைட் என்ற களிமண் தாதுவுக்கும் மைக்காவுக்கும் முதல் சிகரம் (வரைபடத்தின் உச்சி) 8.8 டிகிரி டூ தீட்டா கோணத்தில் வருகிறது. கயோலினைட் என்ற இன்னொரு களிமண் தாதுவுடையது 12.4இல். 20இல் தொடங்கினால் இரண்டும் போய்விடும்; அவை இல்லாமல் சூட்டைப் பற்றிப் பேசவே முடியாது. ‘5 முதல் 70 வரை, 0.02 படி’ என்று கையால் எழுதிக் கொடுங்கள். இதுதான் முதல் எண்.

இரண்டாவது, பொடியின் நைசு. 75 மைக்ரான் சல்லடையில் சலித்தது குறைந்தபட்சம். அளவு விழுக்காடு கேட்பதாக இருந்தால் 10 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். பருமனான பொடியில் ஒரு குவார்ட்ஸ் மணி வாகாகத் திரும்பி நின்றால் 26.6 டிகிரி சிகரம் ஆளுயரத்துக்கு எழும்பி மற்ற எல்லாம் தரையோடு கிடக்கும். அகேட் கல் உரலில் அரைக்க வேண்டும், இரும்பு உரல் கூடாது.

வரைபடத்தைப் படிக்கும் முறை இது. கயோலினைட் சிகரம் இருந்தால் ஓடு 550, 600 டிகிரியைத் தாண்டவில்லை. கயோலினைட் இல்லாமல் இல்லைட் இருந்தால் அதற்கு மேல், சுமார் 900க்குக் கீழ். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கெலெனைட், டயாப்சைட் (சூட்டில் புதிதாக உருவாகும் தாதுக்கள்) தெரிந்தால் 850க்கு மேல். முல்லைட் என்றால் 1000த்தைத் தாண்டியது. சங்ககாலப் பாண்டத்தில் முல்லைட் என்று அறிக்கை வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அதன் வலுவான சிகரம் 26.2 அருகே, குவார்ட்ஸின் காலடியில் வருகிறது. மென்பொருள் தானாகப் பொருத்தும்போது அங்கே ஏமாறும். 16.4இல் தனியாக ஒரு சிகரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முல்லைட் இல்லை.

கால்சைட் சிகரம் 29.4இல் இருந்தால் ‘750க்குக் கீழே சுட்டது’ என்று எழுதுவது வழக்கம். இந்தப் பகுதியில் அப்படி எழுதுவது ஆபத்து. வாளையாறு, மதுக்கரை நிலத்தடி நீரில் சுண்ணாம்பு உண்டு. புதைந்திருந்த நூற்றாண்டுகளில் அது ஓட்டின் துளைகளுக்குள் புதிதாகப் படிந்திருக்கும். எக்ஸ்ஆர்டிக்கு இரண்டும் ஒரே கால்சைட்தான். தின் செக்‌ஷனில் பார்த்தால் பழையது மணியாக நிற்கும், புதியது குழிச் சுவரில் தோலாகப் படர்ந்திருக்கும். ஸ்லைடு இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

கருப்பு சிவப்பு ஓட்டை மொத்தமாக இடித்துப் பொடியாக்குவதும் வீண். கருப்புப் பகுதியைத் தனியாக, சிவப்பைத் தனியாகச் சுரண்டி இரண்டு சாம்பிளாகக் கொடுங்கள். சிவப்பில் ஹெமடைட் 33.2இல் தெரியும், கருப்பில் அது குறைந்தோ இல்லாமலோ, சில வேளை மேக்னடைட் 35.4 அருகே தலைகாட்டும். கட்டணம் இரட்டிப்பாகும்தான். கலந்து கொடுத்தால் கிடைப்பது இரண்டின் சராசரி, அதற்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று: சில விழுக்காட்டுக்குக் கீழே உள்ள தாது எக்ஸ்ஆர்டியில் தெரியாது. உருகிய கண்ணாடிப் பகுதிக்குச் சிகரமே கிடையாது, 20க்கும் 30க்கும் இடையே மேடாக மட்டும் தெரியும். ஆகவே ‘குவார்ட்ஸ் 62 விழுக்காடு’ என்பது போன்ற துல்லியம், உள்தரம் (அளவு தெரிந்த தரப்பொடி) ஏதும் கலக்காமல் அளந்ததாக இருந்தால், படிகப் பகுதிக்குள் மட்டும் 62.

எக்ஸ்ஆர்எஃப், கையடக்கக் கருவி, ஐசிபி-எம்எஸ்

இவை தனிமங்களின் அளவைத் தருபவை. ஐந்து ஓடு, பத்து ஓடு கொடுத்து வாங்கினால் ஏமாற்றம்தான். வேதியியல் எண் ஒப்பிட்டால்தான் பேசும். ஒவ்வொரு பாண்ட வகைக்கும் 20, 30 ஓடாவது வேண்டும். அளந்த தனிமங்களின் எண்ணிக்கையைவிட ஓடுகளின் எண்ணிக்கை குறைந்தால் குழுப் பிரிக்கும் புள்ளியியல் கணக்கே நிற்காது. இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரௌலட்டட் பாண்டம் (உள்ளே புள்ளி வளையங்கள் பதித்த மெல்லிய தட்டு) நல்ல சாட்சி. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அதை மத்தியதரைக் கடல் பகுதிச் சரக்கு என்று எண்ணினார். பின்னால் டெக்கான் கல்லூரியின் விஸ்வாஸ் கோக்தே எக்ஸ்ஆர்டி கொண்டு வங்கத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சுட்டினார். 2005இல் வெளியான வேதியியல் ஆய்வு, பல இடங்களின் ஓடுகளை ஒப்பிட்டு அவை ஒரே நிலவியல் மூலத்தைச் சேர்ந்தவை என்றது. தனி ஓடு ஒன்றை மட்டும் அளந்து இப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது.

எக்ஸ்ஆர்எஃபில் பொடியை அழுத்திய வில்லை, உருக்கி வார்த்த கண்ணாடி மணி என்று இரண்டு வகை. வில்லைக்குச் சில கிராம் பொடி வேண்டும், செலவு குறைவு. உருக்கிய மணிக்குச் சுமார் ஒரு கிராம் பொடியை லித்தியம் போரேட்டுடன் 1050 டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். தாது மணிகளின் பருமன் தரும் பிழை ஒழியும். சிலிக்கா, அலுமினா போன்ற பெருந்தனிமங்களுக்கு இதுவே மேல். பருமணல் கலந்த சமையல் பானைக்கு இரண்டு கிராம் ஓட்டை இடித்தால் போதாது. ஒரு பெரிய ஃபெல்ஸ்பார் மணி விழுந்தாலே பொட்டாசியம் மாறிவிடும். பத்து கிராம் இடித்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து எடுங்கள். அறிக்கையில் எரிப்பு இழப்பு (சூடாக்கும்போது குறையும் எடை) என்ற வரி இருக்க வேண்டும், கூட்டுத்தொகை 98க்கும் 101க்கும் இடையே வர வேண்டும். எல்லா ஓட்டின் கூட்டுத்தொகையும் சரியாக 100.00 என்று வந்தால் மென்பொருள் நூறாக்கிக் காட்டியிருக்கிறது. அசல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அரைக்கும் ஆலை எது என்பதும் முக்கியம். டங்ஸ்டன் கார்பைடு ஆலை கோபால்ட்டையும் டங்ஸ்டனையும் ஏற்றிவிடும், குரோம் எஃகு ஆலை குரோமியத்தை ஏற்றும். சார்னோகைட் பக்க மண்ணையும் நைஸ் பக்க மண்ணையும் பிரிக்கக் குரோமியத்தை நம்பியிருந்தால், அரைத்த ஆலையே விடையை எழுதிவிடும். அரைக்கும் முன் ஓட்டின் மேற்பரப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுரண்டி நீக்க வேண்டும். புதைமண்ணிலிருந்து பாஸ்பரஸ், கால்சியம், பேரியம் உள்ளே ஊறியிருக்கும்.

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள் கூடிவருகிறார்கள். ஓட்டை உடைக்காமல், அருங்காட்சியகத்திலேயே அளக்கலாம் என்பது பெரிய வசதி. சோடியத்தை அது அளக்காது. மெக்னீசியம், அலுமினியம் எண்கள் பலவீனம். ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்கோனியம், இரும்பு ஆகியவை ஓரளவு நம்பத்தக்கவை. செங்காவிப் பூச்சின் மேல் வைத்து அளந்தால் பூச்சைத்தான் அளக்கிறீர்கள். புதிய முறிவில், தட்டையான இடத்தில், ஒரே ஓட்டில் மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். கருவியோடு வரும் ‘மண்’ அளவுத்திருத்தம் பானைக்குச் செய்தது அல்ல. என்ஐஎஸ்டி 679 செங்கல் களிமண் போன்ற சான்றிட்ட தரப்பொடி ஒன்றை ஒவ்வொரு நாள் காலையும் மாலையும் அளந்து குறித்து வையுங்கள். ஓடுகளைக் குழுவாகப் பிரிக்க நல்ல கருவி. மூலத்தை நிரூபிக்க அல்ல.

ஐசிபி-எம்எஸ் அருமண் தனிமங்கள் வரை துல்லியமாகத் தரும், கட்டணமும் அதற்கேற்றபடி. ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்: எந்த அமிலத்தில் கரைப்பீர்கள்? நீர், சுற்றுச்சூழல் சாம்பிள் பார்க்கும் ஆய்வகங்களில் ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மட்டும் ஊற்றுவார்கள். சிலிகேட் அதில் முழுதும் கரையாது. பல எண்கள் குறைந்தே வரும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்துக் கரைக்க வேண்டும். அதிலும் சிர்கான் என்ற தாதுவின் மணிகள் கரையாமல் தங்கி, சிர்கோனியமும் ஹாஃப்னியமும் குறையும். கணவாய் மணலில் சிர்கான் உண்டு என்பதால், இந்த இரண்டையும் எக்ஸ்ஆர்எஃப் எண்ணிலிருந்து எடுப்பதே மேல். அல்லது போரேட்டோடு உருக்கிக் கரைக்கச் சொல்லலாம்.

ஒப்பிட மண் இல்லையென்றால்

ஓட்டை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான். சித்தூர்ப்புழைக் கரை, ஊர்க் குளம், இன்றும் குயவர்கள் மண் எடுக்கும் இடம், செங்கல் சூளைக்கு மண் போகும் வயல் ஆகியவற்றிலிருந்து மேல் மண்ணை நீக்கிவிட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ எடுங்கள். சிறு கட்டிகளாக அடித்து நிழலில் காயவைத்து, மஃபிள் உலையில் (ஆய்வக மின் உலை) 550, 650, 750, 850, 950 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் சுட்டு, ஓட்டோடு சேர்த்தே தின் செக்‌ஷனுக்கும் எக்ஸ்ஆர்டிக்கும் கொடுங்கள். ‘இல்லைட் 900இல் மறையும்’ என்பது பொதுக் கணக்கு. உங்கள் மண்ணில் எப்போது மறைகிறது என்பதை உங்கள் கட்டிதான் சொல்லும். திறந்த சூளையில் உச்ச சூடு சில நிமிடமே நிற்கும், உலையில் ஒரு மணி நேரம் நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதால் அறிக்கையில் ‘720 டிகிரி’ என்று ஒற்றை எண் எழுத விடாதீர்கள். 650க்கும் 750க்கும் இடையே என்ற வகையில் வீச்சாகக் கேளுங்கள்.

பெறும்போது பிடிஎஃபோடு நிறுத்தக் கூடாது. எக்ஸ்ஆர்டிக்கு இரண்டு பத்தி கொண்ட மூல எண் கோப்பு, எக்ஸ்ஆர்எஃபுக்கு அதே நாளில் அளந்த தரப்பொடியின் எண்கள், ஐசிபிக்கு வெற்றுச் சாம்பிள் (ஓட்டுப் பொடி சேர்க்காத கரைசல்) எண், ஸ்லைடுகளின் பெட்டி, மிச்சப் பொடி, வெட்டிய ஓட்டின் எஞ்சிய துண்டு என எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும். சில இடங்களில் மிச்சத்தைச் சில வாரங்களில் குப்பையில் போட்டுவிடுவார்கள். திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பத்திலேயே எழுதினால் வைத்திருப்பார்கள். கல்வி நிறுவனக் கட்டணம் வெளியார் கட்டணத்தைவிடக் குறைவு என்பதால், துறைத் தலைவரின் கையெழுத்துள்ள கடிதத்தை விண்ணப்பத்தோடே இணைத்துவிடுங்கள். பில் போட்ட பிறகு கொண்டுபோனால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.